முடிச்சு இருக்க வேண்டிய இடம்

கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, அதாவது மருத்துவர்களும் மற்றவர்களும் ஒருபோல ஏடிஹெச்டி என்றே சுருக்கிச் சொல்லும் நிலை, வயது வந்த ஒருவருக்கு இருக்கக்கூடுமா என்று முதற்கட்டமாக அறிவதற்காக உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் உருவாக்கப்பட்டு 2005ஆம் ஆண்டு வெளியான வினாத்தாளில் 18 கேள்விகள் உள்ளன. அவற்றுள் முதல் ஆறுதான் பெரிதும் பயன்படுபவை. அந்த ஆறில், கைகால்களை அசைத்துக்கொண்டே இருப்பதையும் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் ஓய்வின்றி இயங்குவதையும் பற்றியவை இரண்டே இரண்டு. மற்ற நான்கும் வேறு வகையானவை: வேலையின் கடினமான பகுதி முடிந்த பிறகு எஞ்சும் சில்லறைக் காரியங்களை முடிக்க முடியாமல் போவது, எதை முன்னால் எதைப் பின்னால் செய்வது என்று வரிசைப்படுத்தத் திணறுவது, சந்திப்புகளையும் ஏற்றுக்கொண்ட பொறுப்புகளையும் மறப்பது, நிறைய யோசிக்க வேண்டிய வேலையைத் தொடங்காமல் தள்ளிப்போடுவது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத சிறுவனை வைத்தே இந்தக் குறைபாட்டை அறிந்திருப்பவர்களுக்கு இந்த விகிதம் வியப்பளிக்கும். வயது ஏற ஏற ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலோரிடம் அடங்கிவிடுகின்றன. அடங்காமல் நிற்பது, ஒரு நாளைக் காலையிலிருந்து இரவுவரை கொண்டுசெலுத்துவதில் உள்ள தடுமாற்றமே.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோய்க் கையேடு இதைக் கணக்கில் கொண்டு, சிறுவர்களுக்கு ஒன்பதில் ஆறு அறிகுறிகள் வேண்டும் என்றும், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து இருந்தாலே போதும் என்றும் வகுத்தது. ஆனால் அவற்றில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முப்பது வயதில் புதிதாக வந்த மறதியோ, இரண்டு மாத உறக்கக் கேட்டால் வந்த கவனச் சிதறலோ இந்தப் பெயருக்குள் அடங்கா. உலகளவில் வயது வந்தோரில் ஏறத்தாழ 2.6 விழுக்காட்டினரிடம் சிறுவயது முதலே தொடரும் ஏடிஹெச்டி இருப்பதாக 2021இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணித்தது. அவர்களுள் பலர் தம்மைப் பற்றிக் கேட்டுக்கேட்டுப் பழகிய சொற்கள் வேறு: சோம்பேறி, பொறுப்பில்லாதவர், மனம் வைத்தால் செய்யக்கூடியவர். இவற்றுள் மிகவும் காயப்படுத்துவது மூன்றாவதுதான். ஏனெனில் அது பாராட்டைப் போல ஒலிக்கிறது.

மனம் வைப்பதற்கும் செய்து முடிப்பதற்கும் இடையில் மூளை ஆற்றும் பணிகளை உளவியலாளர்கள் செயலாட்சித் திறன்கள் என்று தொகுத்துச் சொல்கிறார்கள். முன்வந்து நிற்கும் தூண்டலுக்கு உடனே இணங்காமல் நிறுத்திக்கொள்வது, செய்யும் வேலைக்கு வேண்டிய தகவலைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தி வைத்திருப்பது, வரிசைப்படுத்துவது, நேரத்தை மதிப்பிடுவது, சலிப்பு வந்தபோதும் தொடர்வது ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997இல் எழுதிய நீண்ட கட்டுரையில், ஏடிஹெச்டியின் வேர் இந்த நிறுத்திக்கொள்ளும் ஆற்றலின் குறைவில் இருக்கிறது என்றும், மற்றத் திறன்கள் அதைச் சார்ந்தே தளர்கின்றன என்றும் வாதிட்டார். அவர் பின்னர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து அன்றாடத்துக்கு இன்னும் நெருக்கமானது: இந்தக் குறைபாடு உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததை அது தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் செயலாக்குவதில்தான் தடை. அதனால் உதவியும் அறிவுரை வழங்கும் அறையில் இருந்து பயனில்லை. செயல் நிகழும் இடத்திலேயே இருந்தாக வேண்டும். நேர மேலாண்மை நூல்கள் ஏடிஹெச்டி உள்ளவர்களின் அலமாரிகளில் குவிந்தும் பயன்படாமல் போவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

நேரத்தைப் பொறுத்த தடுமாற்றத்தைக் காலக்குருடு என்ற பொருள்படும் சொல்லால் பார்க்லி குறித்தார். கடிகாரம் பார்க்கத் தெரியாமை என்று இதைக் கொள்ளலாகாது. தொலைவில் உள்ள காலம் கண்ணுக்குத் தெரியாமல், அருகில் வந்த பிறகே உருவம் கொள்வது என்று கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுச் சமையலறையிலிருந்தே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தரலாம். காலை ஏழு மணிக்கு இட்லி தட்டில் இருக்க வேண்டுமானால், மாவு இரவு முழுவதும் புளித்திருக்க வேண்டும். புளிக்க வேண்டுமானால் முந்தைய நாள் இருட்டும் வேளைக்குள் ஆட்டிக் கரைத்து உப்புப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஆட்ட வேண்டுமானால் அரிசியும் உளுந்தும் அன்று பிற்பகலிலேயே நான்கு மணி நேரமாவது ஊறியிருக்க வேண்டும். பசி வருவதற்குப் பதினேழு மணி நேரத்துக்கு முன்பு, அதுவும் மதியச் சாப்பாட்டை முடித்து வயிறு நிறைந்திருக்கும் வேளையில், நாளைய பசியை நினைத்து எழுந்து அரிசியை அளக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பலகாரம் விதிக்கும் நிபந்தனை. மாவரைக்கும் முறை நன்றாகத் தெரிந்த ஒருவர் வாரத்தில் நான்கு நாள் கடை மாவுப் பாக்கெட்டை வாங்குகிறார் என்றால், அவருக்கு இல்லாதிருப்பது சமையல் அறிவன்று. மதியம் இரண்டு மணிக்கு மறுநாள் காலை ஏழு மணி கண்ணில் படுவதில்லை. (கடை மாவு வாங்குவதில் குற்றம் ஏதுமில்லை; பின்னர் சொல்லப்போவதைப் போல, சில வேளைகளில் அதுவே சரியான திட்டம்.)

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறைத்து மதிப்பிடுவது மனிதர் எல்லாருக்கும் பொதுவான பிழை. 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் இதைத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் பெயரிட்டார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது, சராசரி விடை 33.9 நாளாக இருந்தது. எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் பிடித்தது 55.5 நாள். பொதுவான மனித மயக்கமே இவ்வளவு என்றால், காலத்தின் அளவை உணர்வதிலேயே தளர்ச்சி உள்ளவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை என்று மனம் சொல்வதை நம்பாமல், ஒரு வாரத்துக்குக் குளிப்பது, கிளம்புவது, அலுவலகம் போய்ச் சேருவது ஆகிய மூன்றை மட்டும் கடிகாரம் வைத்து அளந்து எழுதிப் பார்ப்பது இதற்கு நல்ல மருந்து. வண்டிச் சாவியைத் தேடும் நேரமும், செருப்பு மாட்டிய பிறகு தண்ணீர்ப் பாட்டிலுக்காகத் திரும்பி வரும் நேரமும் எந்த மதிப்பீட்டிலும் இடம்பெற்றதில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

பின்னொரு நேரத்தில் செய்ய வேண்டியதை அந்த நேரம் வரும்போது நினைவுகூரும் திறனை உளவியல் வருங்கால நினைவு என்கிறது. இது தவறும் என்பதை நம் பாட்டிகள் நன்கு அறிந்திருந்தார்கள். கடையில் வாங்கி வர வேண்டியதை மறக்காதிருக்க முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அந்த முடிச்சின் நுட்பம், நினைவைத் தலையிலிருந்து இறக்கித் துணியில் வைத்தது மட்டுமன்று. அது கடைவீதியில் காசு எடுக்கும்போது கையில் தட்டுப்படும் இடத்தில் இருந்தது. அதே முடிச்சை வீட்டு அலமாரியில் மடித்து வைத்த புடவையில் போட்டிருந்தால் பயன் இராது. பார்க்லி செயல் நிகழும் இடம் என்று எழுதியதும், பாட்டி இடுப்பில் செருகியதும் ஒன்றுதான். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கான ஏற்பாடுகள் அனைத்தையும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிடலாம்: முடிச்சு எங்கே இருக்கிறது?

மின்கட்டணத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. மாதந்தோறும் வரும் செலவு ஓரளவு பழக்கமாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வருவது விசேஷம்போல் நினைவில் நிற்கும். இரண்டு மாதம் என்ற இடைவெளியோ பழக்கமாவதற்கு நீண்டது, நினைவில் தங்குவதற்குக் குறுகியது. கணக்கெடுத்த செய்தி கைபேசிக்கு வரும்போது அந்த நபர் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார். இரவு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துச் செய்தியை மூடுகிறார். மூடியதும் அது படிக்கப்பட்டவற்றின் குவியலில் சேர்ந்து, கண்ணிலிருந்தும் மனத்திலிருந்தும் ஒன்றாக மறைகிறது. இரவில் அதை நினைவூட்ட எதுவும் இல்லை. விளக்கும் மின்விசிறியும் வழக்கம்போல் இயங்குகின்றன. மின்விசிறி நின்ற பிறகுதான் கட்டணம் நினைவுக்கு வருகிறது. கையில் பணம் இருந்தது, கட்ட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஆயினும் மறு இணைப்புக்கு வேறு தனியாகச் செலவழித்து, வீட்டாரின் பேச்சையும் கேட்க நேர்கிறது. ஏடிஹெச்டி உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் இப்படிச் செலுத்தும் தண்டங்களைக் கூட்டினால் அது ஒரு மறைமுக வரியாகவே ஆகிவிடும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு நினைவூட்டல் மணி. இரவு ஒன்பதுக்கு மணி அடிக்கிறது, கை தோசைக்கரண்டியில் இருக்கிறது, மணி அணைக்கப்படுகிறது. செய்ய முடியாத நேரத்தில் அடிக்கும் மணி, நாளடைவில் மணியை அணைக்கும் பழக்கத்தை மட்டுமே வளர்க்கிறது. அதைவிட நல்லது, செய்தி வந்த கணத்திலேயே இரண்டு நிமிடத்தில் கட்டிவிடுவது. அதைவிடவும் நல்லது, கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்படி வங்கிக்கு நிலையான உத்தரவு கொடுத்துவிடுவது. நினைவை வலுப்படுத்தும் உத்தியைக் காட்டிலும் நினைவே தேவைப்படாத ஏற்பாடு எப்போதும் மேல். கடை மாவும் இந்த வகையைச் சேர்ந்ததே. சேமித்த உழைப்பை எதில் செலவிடுவது என்று தேர்ந்துகொள்வதும் திட்டமிடலின் ஒரு பகுதிதான். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்ற வீம்பு இந்தக் குறைபாட்டோடு சேர்ந்தால் ஆளையே தின்றுவிடும்.

கைபேசியிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே என்ற கேள்வி எழும். நேரம் குறித்த மணிகளுக்கும் சந்திப்புகளுக்கும் அது ஏற்றதுதான். ஆனால் பால் வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளக் கைபேசியைத் திறப்பவர், அங்கே காத்திருக்கும் நான்கு வாட்ஸ்அப் செய்திகளைக் கடந்து குறிப்பேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். உள்ளே வரும் தூண்டலை நிறுத்திக்கொள்வதில்தான் அவருக்குத் தடை என்பதை நினைத்தால், இது நீரில் இறங்கி நனையாமல் கரையேறு என்று கேட்பதற்கு ஒப்பானது. அன்றைய பட்டியல் தாளில் இருப்பதே நல்லது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இந்த வகையில் போதிய மதிப்புப் பெறாத கருவி. அது ஒரு நாளை மட்டும் பெரிய எண்ணில் காட்டுகிறது. நல்ல நேரமும் ராகு காலமும் அச்சிடப்பட்ட தாளாகையால் வீட்டில் யாராவது தினமும் அதைப் பார்க்கிறார்கள். நாள் முடிந்தது என்பதைக் கிழிக்கும் கை உணர்கிறது. அதன் பக்கத்தில் கயிறு கட்டிய பேனாவைத் தொங்கவிட்டால், வரும் வெள்ளிக்கிழமைத் தாளிலேயே சிலிண்டர் பதிவு என்று எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை வரும்போது முடிச்சு அங்கேயே இருக்கும்.

திட்டமிடுவதையே சிகிச்சையாகக் கற்பிக்க முடியுமா என்பதை ஆராய்ந்தவர்களுள் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி சொலான்டோ முதன்மையானவர். அவரது குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், 88 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் 12 வாரம் நேரம், ஒழுங்கு, திட்டம் ஆகியவற்றைக் கையாளும் பயிற்சியையும், மற்றவர்கள் ஆதரவாகப் பேசிப் பகிரும் குழு அமர்வுகளையும் பெற்றார்கள். கவனக்குறைவு அறிகுறிகள் முதற்பிரிவில் தெளிவாக அதிகம் குறைந்தன. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டீவன் சாஃப்ரன், மருந்து எடுத்தும் அறிகுறிகள் முற்றும் நீங்காத 86 பேரிடம் இத்தகைய பயிற்சியைத் தளர்வுப் பயிற்சியோடு ஒப்பிட்டு, முன்னதே மேல் என்று கண்டார். பரிவான பேச்சுக்கோ ஓய்வுக்கோ பயனில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. நாள் குறிப்பேட்டைத் திறந்து அதில் எழுதக் கற்றுக்கொண்டவர்கள், தங்கள் நிலையைப் பேசி மட்டும் புரிந்துகொண்டவர்களைவிடத் தங்கள் நாளை நன்றாக நடத்தினார்கள், அவ்வளவே.

இந்தப் பயிற்சிகளின் உள்ளடக்கம் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது. குறிப்பேடு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அதில் ஏறாத வேலை இல்லாத வேலையாகவே கருதப்படும். கவனம் எத்தனை நிமிடம் நிலைக்கிறது என்று முதலில் அளந்து, வேலையை அந்த அளவுக்கே துண்டாக்க வேண்டும்; பதினைந்து நிமிடம் நிலைக்கும் ஒருவர் பதினைந்து நிமிடத் துண்டுகளாகவே வேலை செய்யலாம். நடுவில் வேறொரு நினைவு குறுக்கிட்டால் அதைத் துரத்தவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். பக்கத்துத் தாளில் ஒரு வரி எழுதிவிட்டுத் துண்டு முடியும்வரை தொடர வேண்டும். தொடங்கவே முடியாமல் நிற்கும் வேலை எதுவோ, அதன் முதற்படி அளவுக்கு மீறிப் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். வருமான வரி என்று பட்டியலில் எழுதியிருந்தால் அதை எவராலும் செய்ய முடியாது, ஏனெனில் அது வேலையின் பெயரன்று, வேலைகள் குடியிருக்கும் ஊரின் பெயர். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து படிவம் 16ஐ எடுத்து மேசைமேல் வைப்பது என்று எழுதினால் அது செய்யக்கூடியது. வினைச்சொல் இல்லாத வரியைப் பட்டியலில் அனுமதிக்கக் கூடாது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே பாதி வேலைகள் நகரத் தொடங்கும்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் ஆராய்ந்த இன்னொரு முறையும் இங்கே பொருந்துகிறது. மாலையில் மாத்திரை போட வேண்டும் என்ற எண்ணத்தைவிட, காப்பித் தம்ளரைக் கழுவி வைத்ததும் மாத்திரை போடுவேன் என்ற எண்ணம் செயலாக மாறும் வாய்ப்பு அதிகம். முன்னதில் நேரத்தை மனம் தேட வேண்டும், பின்னதில் தம்ளரே கூப்பிட்டு நினைவூட்டுகிறது. ஏடிஹெச்டி உள்ள சிறுவர்களிடமும் இத்தகைய எப்போது–அப்போது திட்டங்கள் தன்னைக் கட்டுப்படுத்த உதவியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. சடங்குகள் நிறைந்த வீடுகளில் இது புதிதும் அன்று. விளக்கேற்றிய பிறகு இன்னது, குளித்த பிறகே இன்னது என்ற வரிசைகள் யாருடைய நினைவையும் நம்பாமல் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்விடத்தில் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேலை நகர்கிறது என்பது ஏடிஹெச்டி உள்ளவர்கள் பலரும் சொல்லும் அனுபவம். துணை இருப்பு எனப்படும் இந்த உதவியில் அருகிலிருப்பவர் எதையும் செய்யவோ சொல்லவோ வேண்டியதில்லை. ஆனால் நம் வீடுகளில் துணை இருப்பு எளிதில் ஏவலாகவும், ஏவல் எளிதில் ஏச்சாகவும் மாறிவிடுகிறது. இதன் மறுபக்கம் இன்னும் கவனத்துக்குரியது. அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்து, கட்டணத் தேதியை நினைவூட்டி, உறவினர் திருமணத்தன்று துவைத்த சட்டையை எடுத்து வைக்கும் தாயோ மனைவியோ இருக்கும்வரை, ஓர் ஆணின் குறைபாடு வெளியே தெரிவதே இல்லை; அவருடைய செயலாட்சித் திறன் வேறொருவரின் தலையில் குடியிருக்கிறது. அதே குறைபாடு அந்தப் பெண்ணுக்கு இருந்தால், அவள் தன் மறதியோடு வீட்டார் அனைவரின் மறதியையும் சேர்த்துச் சுமக்கிறாள்; பெண்களிடம் இந்த நிலை காலங்கடந்தே கண்டறியப்படுவதற்குரிய காரணங்களுள் இதையும் சேர்க்கலாம்.

மருந்துகளைப் பொறுத்தவரை, மெத்தில்ஃபெனிடேட் போன்றவை பலருக்குக் கவனத்தை நிலைநிறுத்த உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. அவை வேண்டுமா என்பதை உளமருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்து விழிப்பைத் தரும். அந்த விழிப்பில் எதைப் பார்ப்பது என்று அது சொல்லாது. ஒழுங்கில்லாத மேசைமேல் கிடக்கும் பழைய நாளிதழை மூன்று மணி நேரம் ஆழ்ந்து படிக்கவும் அது உதவக்கூடும். மற்றொரு முரணும் உண்டு. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பதால், எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காது. மருத்துவரின் சீட்டு இரு படிகளாக வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். அதாவது, திட்டமிட முடியாமைக்கு எடுத்துக்கொள்ளும் மாத்திரை தீர்ந்துபோகும் நாளைப் பத்து நாள் முன்னதாகவே திட்டமிட வேண்டும். எனவே அட்டையில் பத்து மாத்திரை எஞ்சும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைப்பது நல்லது. அதுவும் ஒரு முடிச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்பாடுகள் குலையும். சனவரியில் வாங்கிய நாட்குறிப்பு பிப்ரவரி இரண்டாம் வாரத்தோடு நின்றுவிடுவதும், அடுத்து வேறொரு செயலி, வேறொரு வண்ணக் குறிப்பேடு என்று தாவுவதும் இந்தக் குறைபாட்டின் வரலாற்றில் தவறாமல் வரும் அத்தியாயங்கள். புதுமை இருக்கும்வரை கவனம் இருக்கிறது; புதுமை தேய்ந்ததும் கவனமும் தேய்கிறது. ஆகவே நல்ல ஏற்பாடு என்று கருதத்தக்கது, ஒருநாளும் தவறாததாக இருக்க வேண்டியதில்லை. தவறிய பிறகு திரும்பி வருவதற்குச் செலவு குறைவானதாக இருந்தால் போதும். விடுபட்ட பதினோரு நாள்களின் பக்கங்களை நினைவிலிருந்து நிரப்ப முயல்பவர் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துக் குறிப்பேட்டை மூடிவிடுவார். தினசரிக் காலண்டர் அந்த வகையில் பெருந்தன்மையானது. ஆறு நாளாகக் கிழிக்காமல் விட்டவர் அதன் முன்னால் நின்று ஆறு தாள்களையும் ஒரே பிடியில் பற்றி இழுக்கலாம். அடியில் இன்றைய தேதி பெரிய எண்ணில் இருக்கும், பக்கத்தில் பேனா தொங்கிக்கொண்டிருக்கும்.